சேஃப்டி பாஸ் எண்டால் செயினும் பாஸா?

எங்கட ஆக்கள் பழைய பிக்கப் வாங்குகிற விதத்தைப் பற்றி எனக்குக் கனநாளாக ஒரு கோபம் இருக்கிறது. நேரில் சொன்னால் "அண்ணை எல்லாத்துக்கும் நொட்டை சொல்லுவார்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் ஒருக்கால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். சிரிப்பதென்றால் வாசித்து முடித்துவிட்டுச் சிரியுங்கள்.

ஸ்காபுரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் பக்கங்களில் எங்கட பெடியள் சொந்தமாக ஒரு வேலை தொடங்கினால் முதலில் வாங்குவது பிக்கப்தான். கூரை வேலை, கொங்கிறீற் வேலை, பெயின்ற் அடிக்கிறது, கோடையில் புல்லு வெட்டுறது, மாரியில் சினோ தள்ளுறது, எல்லாத்துக்கும் அது வேணும். புதுசு வாங்க இயலாது. ஆகவே ஏழெட்டு வருசம் ஓடின, 150,000 கிலோமீற்றர் தாண்டின ஒன்றைத் தேடுவார்கள். பாரமும் இழுக்கவேணும், பெற்றோலும் அளவாகக் குடிக்கவேணும் என்று பார்த்தால் கை கடைசியில் போய் நிற்பது ஒரு டேர்போ வண்டியில். கனடாவில் பல வருசமாகக் கூட விற்கிற பிக்கப் வரிசை ஃபோர்ட் எஃப் சீரிஸ் என்பதால், அநேகமாக அது எஃப்-150 ஆக இருக்கும். 3.5 லீற்றர் ஈக்கோபூஸ்ட் எஞ்சின் போட்டது.

முதலே சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் இரண்டு வருசம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவன். இங்கே வந்து ஒரு உதிரிப்பாகக் கடையின் கவுன்ரரில் பத்து வருசத்துக்கு மேலாக நிற்கிறவன். கவுன்ரரில் நிற்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. என்ன உடையுது, யாருக்கு உடையுது, உடையிறதுக்கு முதல் அந்த ஆள் என்ன ஒயில் வாங்கினவர் என்பதெல்லாம் கண்ணுக்கு முன்னால் நடக்கும்.

அந்த ஈக்கோபூஸ்ட் எஞ்சின் 2011 மொடலில் எஃப்-150 க்குள் வந்தது. ஆறு சிலிண்டர், இரண்டு டேர்போ. 365 குதிரைவலு. அதே வருசத்து 5 லீற்றர் வி8 எஞ்சினுக்கு 360 தான். சரியான அமைப்போடு வாங்கினால் 11,300 இறாத்தல் வரை இழுக்கும் என்று கொம்பனி சொன்னது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல எஞ்சின். ஒழுங்காகப் பார்த்து 300,000 கிலோமீற்றர் தாண்டி ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். பிரச்சினை எஞ்சினின் சக்தியில் இல்லை. முன்பக்கத்து மூடிக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் சுற்றுகிற செயினில்தான்.

செயின் என்ன செய்கிறது என்பதை விளக்க எனக்குச் சைக்கிளை விட நல்ல உதாரணம் இல்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவருக்குச் சைக்கிள் செயினைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. எரிபொருள் தடை. சைக்கிள்தான் அம்புலன்ஸ், லொறி, கலியாணக் கார் எல்லாம். புதுச் செயின் பல்லிலே கச்சிதமாக இருக்கும். ஒரு வருசம் மூட்டை கட்டி ஓடினால் செயின் தொங்கத் தொடங்கும். பிறகு பல்லுப் பாயும். அதற்குப் பிறகு நடுச் சந்தியில் கழரும். "செயின் இழுபட்டுப் போச்சு" என்போம். உண்மையில் இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கிற ஊசியும் அதைச் சுற்றியிருக்கிற துளையும் மயிரளவு தேயும். நூற்றுக்குமேல் கண்ணிகள், ஒவ்வொன்றிலும் மயிரளவு. கூட்டினால் செயின் நீண்டுவிடும். ஒழுங்கைப் புழுதியில் ஓடினால் கெதியாகத் தேயும். பழைய ஒயிலைப் பூசி அதிலே மணலும் ஒட்டினால் அது அரம்தான்.

எஞ்சினுக்குள்ளும் இதே கதைதான். கீழே சுற்றுகிற கிராங்குக்கும் மேலே வால்வைத் திறந்து மூடுகிற கேமுக்கும் இடையில் டைமிங் செயின். கிராங் இரண்டு தரம் சுற்ற, கேம் ஒரு தரம் சுற்றவேணும். இந்தக் கணக்குப் பிசகக் கூடாது. கொஞ்சம் பிசகினால் எஞ்சின் விளக்கு எரியும், இழுவை குறையும். நல்லாகப் பிசகிப் பல்லுப் பாய்ந்தால் பிஸ்ரன் மேலே வரும்போது திறந்திருக்கிற வால்விலே அடிக்கும். அதோடு எஞ்சின் சரி.

சைக்கிளில் ஒரு செயின். அந்த முதல் தலைமுறை 3.5 ஈக்கோபூஸ்டில் மூன்று. இரண்டு பக்கத்துக்கும் போகிற நீளமான ஒன்று, பிறகு பக்கத்துக்கு ஒவ்வொரு சின்னச் செயின். நாலு கேம். ஒவ்வொரு கேமின் முனையிலும் ஃபேசர் என்று ஒரு சாமான். ஓடிக்கொண்டிருக்கும்போதே கேமின் நேரத்தை முன்னுக்குப் பின் மாற்றுவது அதன் வேலை. அது வேலை செய்வது ஒயில் அமுக்கத்தில். செயினை இறுக்கிப் பிடிக்கிற ரென்ஷனரும் ஒயில் அமுக்கத்தில். டேர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் சுற்றுவதும் ஒயில் படலத்திலே மிதந்துகொண்டுதான். இவ்வளவுக்கும் ஒரே ஒயில். ஏறக்குறைய ஆறு லீற்றர்.

இப்போது அந்த ஒயிலுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். இப்படியான எஞ்சின்களில் பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது. எஞ்சின் குளிராக இருக்கும்போது அதில் கொஞ்சம் எரியாமல் சுவர் வழியே வடிந்து ஒயிலோடு கலக்கும். எரிந்ததிலும் நுண்ணிய கரி மிஞ்சும், அதுவும் ஒயிலுக்குள் போகும். நீண்ட தூரம் ஓடி எஞ்சின் நல்லாகச் சூடானால் கலந்த பெற்றோல் ஆவியாகிப் போய்விடும். ஆனால் எங்கட வேலை என்ன? மாரியில் விடிய ஸ்ராட் பண்ணி, பத்து நிமிடம் ஓடி, தளத்தில் நிறுத்தி, கை விறைக்காமல் இருக்க எஞ்சினை ஓடவிட்டு, பிறகு ரிம் ஹோட்டன்ஸுக்கு ஒரு ஓட்டம். பெற்றோல் கலந்து தண்ணியான ஒயில், அதற்குள் கரி. புழுதி ஒட்டின சைக்கிள் செயின் ஞாபகம் வருகுதா?

இது என்னுடைய கவுன்ரர் ஞானம் மட்டும் இல்லை. 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஏபிஐ எஸ்பி என்ற ஒயில் தரத்தில், டைமிங் செயின் தேய்மானத்துக்கென்றே ஒரு சோதனையைச் சேர்த்தார்கள். அந்தச் சோதனையை ஓட்டுகிற எஞ்சின் எது தெரியுமா? ஃபோர்டின் 2 லீற்றர் ஈக்கோபூஸ்ட். நேரடியாகப் பெற்றோல் பீச்சுகிற டேர்போ எஞ்சின்களில் செயின் ஒயிலால் தேய்கிறது என்று ஒயில் தொழிலே ஒப்புக்கொண்டு தரத்தை மாற்றியிருக்கிறது. எங்கட ஆட்கள் இன்னும் "செயின் எண்டால் சாகும்வரைக்கும் தொடத் தேவையில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்றும் யோசித்திருக்கிறேன். பழைய கம்ரி, ஒடிசி எல்லாம் பெல்ற். பெல்றுக்கு ஒரு தவணை இருந்தது. கொம்பனிப் புத்தகத்திலேயே இத்தனை கிலோமீற்றரில் மாற்று என்று எழுதியிருக்கும். எல்லோரும் அதற்கென்று காசு ஒதுக்கி வைத்தார்கள், வாங்கும்போது "பெல்ற் மாத்தினதோ?" என்றும் கேட்டார்கள். செயின் வந்தவுடன் புத்தகத்திலிருந்து அந்த வரி போய்விட்டது. வரி போனதோடு கேள்வியும் போய்விட்டது. தேய்மானம் மட்டும் போகவில்லை.

"அப்ப டேர்போதான் குற்றவாளி, வி8 வாங்கினால் தப்பலாம்" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. 2004 க்குப் பிறகு வந்த ஃபோர்டின் 5.4 லீற்றர் மூன்று வால்வு எஞ்சினுக்கு டேர்போவே கிடையாது. ஆனால் ஃபேசர் சத்தத்துக்கும் ரென்ஷனர் பழுதுக்கும் அதைப்போலப் பெயரெடுத்த எஞ்சின் குறைவு. இன்னொரு கூட்டம் "ரொயோட்டா எண்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்னும். 2024 மேயில் ரொயோட்டா அமெரிக்காவில் ஏறக்குறைய 102,000 வண்டிகளைத் திருப்பி அழைத்தது. 2022, 2023 டன்ட்ராவும் லெக்ஸஸ் எல்எக்ஸும். இரட்டை டேர்போ வி6 எஞ்சினுக்குள் தொழிற்சாலையில் கடைந்த இரும்புத்தூள் மிஞ்சிக்கிடந்ததுதான் காரணம். கண்ணை மூடிக்கொண்டு வாங்க இந்த உலகத்தில் ஒரு எஞ்சினும் இல்லை.

ஆனால் அந்த டன்ட்ரா விசயத்தில் ஒன்றைக் கவனியுங்கள், என் கோபத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது. அது ரீகோல். ஓடும்போது எஞ்சின் நின்றுவிடலாம், அது பாதுகாப்புப் பிரச்சினை. ஆகவே கொம்பனி தன் காசில் திருத்திக் கொடுக்கவேணும். வண்டி மூன்றாவது கைக்குப் போயிருந்தாலும் உரிமை உண்டு. டைமிங் செயின் தேய்மானம், ஃபேசர் சத்தம் எல்லாம் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள் வருவதில்லை. அவை "தொழில்நுட்ப அறிவித்தல்" என்ற வேறு பெட்டிக்குள் போகும். அதாவது கொம்பனி தன் டீலர்மாருக்கு எழுதுகிற கடிதம்: இந்த வருசத்து வண்டி, இந்தக் குறியீட்டோடு, இந்தச் சத்தத்தோடு வந்தால் இந்தச் சாமானை மாற்றுங்கள் என்று. வோரன்ரி இருக்கிறவருக்குச் சும்மா. இல்லாதவர் காசு கட்டவேணும். முதல் சொந்தக்காரருக்கு வோரன்ரி இருக்கும். எங்களுக்கு எங்கே இருக்கும்?

2017 மொடலில் அந்த 3.5 எஞ்சினைப் புதிதாக வடிவமைத்தார்கள். செயின் அமைப்பையும் மாற்றினார்கள். பிறகு ஃபேசர் சத்தம் போடத் தொடங்கியது. ஒரு இரவு நிறுத்திவைத்து விடிய ஸ்ராட் பண்ணினால் சில செக்கன் கடகடவென்று அடித்துவிட்டு அடங்கும். 2021 இல் ஃபோர்ட் 2017 முதல் 2020 வரையான எஃப்-150 களுக்கு ஒரு வாடிக்கையாளர் திட்டம் கொண்டுவந்தது. முதலில் எஞ்சின் கொம்பியூட்டரின் மென்பொருளை மாற்றுவது, அதற்கும் சத்தம் போகாவிட்டால் நிபந்தனைகளோடு ஃபேசரை மாற்றிக் கொடுப்பது. அந்தத் திட்டத்தின் தவணை முடிந்துவிட்டது. ஆக, இன்றைக்கு நீங்கள் வாங்கப்போகிற 2018 வண்டியில் அந்த வேலை செய்யப்பட்டதா இல்லையா என்பது சில ஆயிரம் டொலர் கேள்வி. விற்கிறவரிடம் அதை யாரும் கேட்டு நான் காணவில்லை. ரயர் புதுசோ, சீற் லெதரோ, புளூடூத் இருக்கோ என்றுதான் கேட்கிறார்கள்.

இனி சேஃப்டி. எங்கட சனத்திடம் இருக்கிற பெரிய மூடநம்பிக்கை இதுதான். "அண்ணை, சேஃப்டியோட தாறான், பிறகென்ன?" பிறகு எவ்வளவோ இருக்கு தம்பி. ஒன்ராறியோவின் பாதுகாப்புச் சான்றிதழ் பார்ப்பது பிறேக், ஸ்ரியறிங், சஸ்பென்ஷன், ரயர், விளக்கு, கண்ணாடி, கறள் இப்படியானவற்றை. கொடுத்த நாளிலிருந்து 36 நாளுக்குத்தான் அதற்கு ஆயுள். அது உத்தரவாதப் பத்திரம் இல்லை என்று அரசாங்கமே சொல்கிறது. எஞ்சினுக்குள் செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை, பார்க்கச் சட்டமும் இல்லை. முன்பு ட்ரைவ் கிளீன் என்று புகைச் சோதனை ஒன்று இருந்ததல்லவா, எல்லோரும் திட்டித் தீர்த்தோமே. எஞ்சின் விளக்கு எரிந்தால் அதிலே தோற்கும். கார்களுக்கும் இந்தச் சின்ன பிக்கப்புகளுக்கும் அது 2019 ஏப்ரலோடு நின்றுவிட்டது. காசு மிச்சம் என்று சந்தோசப்பட்டோம். பழைய வண்டி வாங்குகிறவனுக்கு அது ஒரு காவல்காரனாகவும் இருந்தது என்பதை யாரும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் கூரை வேலை செய்கிறார். இரண்டு வருசத்துக்கு முந்தி ஒரு சின்ன விற்பனை முற்றத்தில் டேர்போ பிக்கப் ஒன்று வாங்கினார். எந்தக் கொம்பனி வண்டி, எந்த முற்றம் என்பது இங்கே தேவையில்லை. பின்னேரம் போய்ப் பார்த்திருக்கிறார், அவர்கள் ஏற்கெனவே ஸ்ராட் பண்ணிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். பூனைக்குட்டி மாதிரி ஓடியிருக்கு. சேஃப்டி கொடுத்தார்கள். கடன் வரலாறு குறைவு என்பதால் வட்டி அதிகம், அதற்கும் கையெழுத்து வைத்தார். முதல் குளிர் விடியலில் தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரிச் சத்தம், மூன்று செக்கன். "குளிருக்கு எல்லா வண்டியும் கத்தும்தானே" என்று விட்டுவிட்டார். வைகாசியில் விளக்கு எரிந்தது. ஆனியில், வேலை உச்சத்தில் இருக்கிற நேரத்தில், கராஜில் படுத்துவிட்டது. செயின், வழிகாட்டிகள், ரென்ஷனர், ஃபேசர் எல்லாம் மாற்றவேணும் என்றார்கள். திருத்தக் காசுக்குக் கிரடிற் கார்ட், வேலைக்கு வாடகை வான், அதற்கு மேலே மாதாமாதம் ஓடாத வண்டிக்குக் கடன். விற்றவரிடம் போய்க் கேட்டால், "சேஃப்டி குடுத்தனான்தானே" என்றாராம். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் கொடுமை.

அந்தத் தம்பியின் வீட்டில் அவருடைய அகதி வழக்குக் கோப்பைப் பார்த்திருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம், சமாதான நீதவானின் கடிதம், ஆஸ்பத்திரித் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஒவ்வொன்றுக்கும் மொழிபெயர்ப்பு, அதற்கு முத்திரை. ஒரு கடுதாசி குறைந்தால் ஆள் பொய் சொல்கிறார் என்று முடிவெடுப்பார்கள் என்று தெரிந்து, பிளாஸ்ரிக் உறையில் போட்டுத் திகதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். எங்களில் யார்தான் அப்படி வைத்திருக்கவில்லை? அதே மனிசன் இருபத்தையாயிரம் டொலர் வண்டிக்கு வாங்கி வைத்திருந்தது மூன்று கடுதாசி. விற்பனைப் பற்றுச்சீட்டு, சேஃப்டி, கடன் ஒப்பந்தம். முதல் சொந்தக்காரன் ஒயில் மாற்றின துண்டு ஒன்றுகூட இல்லை. வாய்ச்சொல்லை மட்டும் வைத்து எங்களை ஒருவரும் நம்பவில்லை. நாங்கள் மட்டும் "ஒழுங்கா பார்த்த வண்டி, ஒரு லேடி ஓடினது" என்றால் நம்பிவிடுகிறோம்.

எங்கட ஆளிடம் வாங்கும்போது இது இன்னும் மோசம். மச்சானின் சிநேகிதன், ஊர்க்காரன், கோயிலில் பழக்கம். அவரிடம் போய் "வேற கராஜில காட்டவேணும், பில்லுகளைக் காட்டுங்கோ" என்று கேட்பது அவமரியாதை என்று நினைக்கிறோம். "அவர் என்ன நினைப்பார்?" ஒன்றும் நினைக்கமாட்டார். உண்மையாகப் பார்த்த வண்டி என்றால் பில்லுக் கட்டைச் சந்தோசமாக எடுத்துத் தருவார். முகம் சுளித்தால் அதுவே பதில். இன்னொன்று, தனியாரிடம் வாங்கினால் ஓம்விக்கின் பாதுகாப்புக் கிடையாது. பதிவுசெய்த டீலர் என்றால், எஞ்சினுக்குத் திருத்த வேலை தேவை என்று தெரிந்திருந்தால் அதை எழுத்தில் சொல்லச் சட்டக் கடமை உண்டு. தனியாருக்கு அந்தக் கடமை இல்லை. அதோடு, டீலரிடம் வாங்கினாலும் வாங்கிவிட்டு மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு கதை எங்கட சனத்துக்குள் உலாவுது. ஒன்ராறியோவில் வாகனத்துக்கு அப்படி ஒரு அவகாசம் கிடையாது. கையெழுத்து வைத்தால் வைத்ததுதான்.

ஒயில் துண்டுகளை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், தேய்ந்த செயினை வெளியில் நின்று பார்க்க இயலாது. ஆனால் அது தேய்ந்த காரணத்தைக் கடுதாசியில் பார்க்கலாம். வண்டியிலிருக்கிற ஒயில் கணக்குக் கருவி லேசான ஓட்டத்தில் 16,000 கிலோமீற்றர் வரை கூடப் போகவிடும். வாடகைக்கு எடுத்து மூன்று வருசத்தில் திருப்பிக் கொடுக்கிறவருக்கு அது காணும், அவருடைய காலத்தில் ஒன்றும் நடக்காது. மிச்சம் பிடித்த ஒயில் காசை அவர் கொண்டுபோய்விடுவார். அதற்கான கணக்கு மூன்றாவது ஆளிடம் வரும். 8,000 கிலோமீற்றருக்கு ஒருதரம் மாற்றின துண்டுகள் இருக்கிற 200,000 கிலோமீற்றர் வண்டியை, துண்டே இல்லாத 120,000 கிலோமீற்றர் வண்டியை விட நான் நம்புவேன். ஓடோமீற்றரைப் பார்த்து வாங்குகிறவர்களோடு இதிலே எனக்கு ஒத்துப்போகவே இயலாது.

கிலோமீற்றரும் முழுக்கதை சொல்லாது. பல பிக்கப்புகளில் எஞ்சின் ஓடின மணித்தியாலத்தைக் காட்டுகிற பக்கம் ஒன்று டாஷ்போர்ட்டிலேயே இருக்கும், தேடி எடுங்கள். 150,000 கிலோமீற்றரை 5,000 மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 30 வருகிறது. பெருந்தெருவில் ஓடின வண்டி மணிக்கு 30 இல் ஓடாது. நின்ற இடத்தில் கனநேரம் உறுமினது என்று அர்த்தம். செயின் கிலோமீற்றரை எண்ணாது, சுற்றைத்தான் எண்ணும்.

பார்க்கப் போகும்போது விடிய போங்கள். "நான் வரும் வரைக்கும் ஸ்ராட் பண்ணவேண்டாம்" என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். போனவுடன் பொனற்றிலே கையை வையுங்கள். சூடாக இருந்தால் திரும்பி வாருங்கள், அல்லது இன்னொரு நாள் போங்கள். ஸ்ராட் பண்ணும்போது நீங்கள் உள்ளே இருக்காதீர்கள், பொனற்றைத் திறந்துவிட்டு முன்னுக்கு நில்லுங்கள். எங்களுக்கு இதில் ஒரு குறைபாடு இருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடின மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் கேட்டு வளர்ந்த காது எங்களுடையது. கார்புரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடின காலம். மொறிஸ் மைனருக்குள்ளும் ஒரு குட்டைச் செயின் இருந்தது, அது கிலுகிலுத்துக்கொண்டே வருசக்கணக்காக ஓடும், யாரும் கவலைப்பட்டதில்லை. ஒரே கேம், குறைந்த வேகம், ஃபேசர் என்ற பேச்சே இல்லை. அந்தக் காதோடு போய் இந்த வண்டிகளைக் கேட்டால் எல்லாச் சத்தமும் சாதாரணமாகத்தான் கேட்கும். இங்கே மூன்று செக்கன் சத்தமும் சாதாரணம் இல்லை.

டிப்ஸ்ரிக்கை இழுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணம் பலமாக வந்தால், அல்லது ஒயில் மட்டம் மேற்கோட்டையும் தாண்டி நின்றால், உள்ளே பெற்றோல் கலக்குது. குறியீடு வாசிக்கிற கருவி சில பத்து டொலருக்கு வாங்கலாம். பி0016 இலிருந்து பி0019 வரைக்கும் ஏதாவது வந்தால் கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். ஒன்றும் வரவில்லை என்றும் உடனே சந்தோசப்படாதீர்கள். குறியீட்டை அழித்துவிட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அழித்தால் கொம்பியூட்டரின் உள்சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டும், கொஞ்சநாள் ஓடினால்தான் அவை திரும்ப நிறையும். எல்லாம் முடியாமல் கிடந்தால், நேற்று ஆரோ அழித்திருக்கிறார்கள்.

பிறகு, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத கராஜ் ஒன்றில் காசு கொடுத்துக் காட்டுங்கள். இதற்குச் செலவழிக்கத்தான் எங்கட ஆட்களுக்குக் கை நடுங்குது. ஆனையை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில், கொம்பனிகள் டீலர்மாருக்கு எழுதின அந்த அறிவித்தல்கள் வண்டியின் வருசத்தையும் மொடலையும் கொடுத்தால் வரும். கனடாவில் இருந்துகொண்டும் பார்க்கலாம், காசு இல்லை. ஆங்கிலம் கஷ்டமென்றால் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

அரசாங்கம் செய்யவேண்டியதும் உண்டு. ஒரு குறிப்பிட்ட எஞ்சினில் ஒரு குறிப்பிட்ட சாமான் அளவுக்கு முந்தித் தேய்கிறது என்று கொம்பனிக்குத் தெரிந்து, டீலர்மாருக்குக் கடிதமும் எழுதியாகிவிட்டது என்றால், அந்த விசயம் வண்டியின் இலக்கத்தோடு சேர்ந்து பழைய வண்டி வாங்குகிறவனுக்கும் தெரியவேணும். ஒன்ராறியோவில் தனியாருக்கு விற்கும்போது வாகனத் தகவல் பொதி ஒன்று கொடுக்கவேணும் என்று சட்டம் இருக்கிறது. அதில் பழைய சொந்தக்காரர், கடன், வரி எல்லாம் இருக்கும். ரீகோல் அல்லாத இந்தத் திட்டங்களுக்கும் ஒரு பக்கம் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? கொம்பனிகளோடு சண்டை வந்தால் தீர்க்கிற கம்வாப் என்ற நடுவர் ஏற்பாடும் நடப்பு வருச மொடலுக்கும் அதற்கு முந்தின நாலு வருச மொடலுக்கும்தான், அதுவும் 160,000 கிலோமீற்றருக்குள். எங்கட பெடியள் வாங்குகிற வண்டி அந்தக் கதவு சாத்தின பிறகுதான் சந்தைக்கே வருகுது.

பாரம் இழுக்கத் தேவையில்லாதவர்கள் பிக்கப் எடுக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. பெயின்ற் வாளியும் ஏணியும் கொண்டுபோக டேர்போ இல்லாத ஒரு பழைய வான் காணும். பூட்டலாம், மழையும் படாது. ஆனால் கலியாண வீட்டுக்கு வானில் போக வெட்கம் என்கிறார்கள், அதற்கு நான் என்ன செய்ய.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பயப்படவேண்டாம். போத்தலில் ஏபிஐ எஸ்பி அல்லது அதற்குப் பிந்தின தரம் இருக்கிற ஒயிலாகப் பார்த்து, உங்கள் எஞ்சினுக்குக் கொம்பனி சொன்ன தடிப்பில், 8,000 கிலோமீற்றர் தாண்டவிடாமல் மாற்றுங்கள். நின்ற இடத்தில் கனக்க ஓடுகிற வண்டியென்றால் அதற்கும் முந்தி. செயின் மாற்றுகிற நிலைமை வந்தால் செயினை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். அப்படி வாங்கிப்போய் அடுத்த வருசம் ஃபேசருக்குத் திரும்பி வந்தவர்கள் என் கவுன்ரரில் கனபேர். முன்மூடியைக் கழற்றுகிற கூலிதான் பெரிய காசு, அதை இரண்டு தரம் கொடுக்கவேண்டி வரும். ஒவ்வொரு தரமும் துண்டில் கிலோமீற்றரை எழுதுவித்து, அந்தப் பிளாஸ்ரிக் உறை இருக்கிறதல்லவா, அதிலே போட்டு வண்டிக்குள்ளேயே வையுங்கள். விற்கும்போது உறையோடு கொடுங்கள். வாங்குகிறவரும் அநேகமாக எங்கட ஆளாகத்தான் இருப்பார்.